ஊராட்சி ஒன்றியப் பள்ளியை ஊராட்சி கேள்வி கேட்கலாமா?

3.9.2024, காலை (ஒரு வாசகர் கேட்டது)

எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தமிழ் வாசிக்க வரவில்லை. வாசலில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அப்படியென்றால் ஒன்றியம்தானே பொறுப்பு? தலைவர், கவுன்சிலர் எல்லாம் கட்டடம் கட்டும்போது கமிஷன் வாங்க மட்டும்தான் வருவார்களா? உள்ளாட்சியில் இருப்பவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

3.9.2024, இரவு

கமிஷன் கதையை விடுங்கள், எனக்கு இதுவரை யாரும் ஒரு டீ கூட வாங்கித் தந்ததில்லை. நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சியின் வார்டு உறுப்பினர். 2019 டிசம்பர் தேர்தலில் 19 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள், எங்கள் பள்ளிக்கு நானும் இன்னொருவரும் போனோம். போன மாதம் மறுபடி அமைத்தார்கள், முன்னாள் மாணவர்களையும் சேர்த்து இப்போது 24 பேர். அதிலும் இருக்கிறேன்.

கேள்விக்கு வருகிறேன். பலகை ஒன்றியத்துடையது, கட்டடமும் ஒன்றியத்துடையது, ஆசிரியர் மட்டும் ஒன்றியத்து ஆள் இல்லை. ஓடு உடைந்தால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ். வாத்தியார் வரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். மதியச் சோறு சமூக நலத் துறை, ஆனால் அதைப் பார்க்கிற அதிகாரி உட்கார்ந்திருப்பது பி.டி.ஓ. ஆபீஸிலேயே. காலை உணவைச் சமைப்பது மகளிர் குழு. பக்கத்தில் அங்கன்வாடி, அது தனிக் கணக்கு. இத்தனையும் ஒரே காம்பவுண்டுக்குள், 43 பிள்ளைகளுக்கு. நடுவில் ஒரு வேப்பமரம் நிற்கிறது, அது எந்தத் துறை என்று நான்கு வருடமாகக் கேட்கிறேன். கிளை கூரையில் உரசுகிறது, வெட்ட வேண்டுமென்றால் வருவாய்த் துறையிடம் போ என்கிறார்கள்.

4.9.2024

‘அப்புறம் ஏன் ஒன்றியம் என்று பெயர்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். முன்னால் ஒன்றியத்துடைய பள்ளியாகவேதான் இருந்தது. ஆசிரியர் ஒன்றியத்து ஊழியர். மாறுதல் வேண்டுமென்றால் சேர்மன், அதாவது ஒன்றியத் தலைவர், வீட்டுத் திண்ணையில் போய் நிற்க வேண்டும் என்று என் தாத்தா சொல்வார். எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்ததும், 1978 என்று நினைக்கிறேன், எல்லோரையும் அரசு ஊழியர் ஆக்கினார்கள். பலகையை மட்டும் யாரும் மாற்றவில்லை.

5.9.2024

திருத்தம். 1978 இல்லை, 1981. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பித் திட்டிவிட்டார். ஆசிரியர் தினத்தன்றே ஆசிரியரிடம் திட்டு வாங்கியது எனக்குப் பொருத்தம்தான். ‘அம்மா, சேர்மன் திண்ணையில் நின்றவன் நான். அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்’ என்கிறார். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாதாம், தேர்தல் வந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்று பயமாம்.

அது வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஐயா. ஆனால் அதை விட்டு ஓடிய ஓட்டத்தில் எங்கே வந்து நிற்கிறோம் என்றால், ஊரில் ஓட்டு வாங்கிய ஆள் பள்ளிக்குள் போய்க் கழிவறையைப் பற்றிக் கேட்கலாம், பாடத்தைப் பற்றிக் கேட்க முடியாது.

8.9.2024

இதை எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன், சரி, எழுதிவிடுகிறேன்.

போன வருடம் நவம்பரில் ஒருநாள் மேலாண்மைக் குழுக் கூட்டம். வெள்ளிக்கிழமை மூன்று மணி. குழுத் தலைவியாக இருக்கும் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு மண்வெட்டியோடு நேராக வந்து உட்கார்ந்தார். வந்தது ஏழு பேர். தலைமை ஆசிரியர் போன மாதத் தீர்மானத்தையே வாசித்தார்: கழிவறைக்குத் தண்ணீர் வசதி, சுற்றுச்சுவர், குப்பைத் தொட்டி. ஏழு மாதமாக அதே மூன்று. கையெழுத்துப் போட்டோம், செயலியில் ஏற்ற வேண்டும் என்று போட்டோ எடுத்தார்கள்.

எனக்கு அன்று என்ன தோன்றியதோ, எழுந்து நான்காம் வகுப்புப் பக்கம் போய் ஒரு பையனிடம் புத்தகத்தை எடுத்து வாசிடா என்றேன். கணீரென்று வாசித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழுத் தலைவி, அவருக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது, முகமெல்லாம் மலர்ந்துவிட்டார். நான் பின்னால் போய் நின்று பார்த்தேன். புத்தகத்தில் திறந்திருந்தது ஒரு கிணற்றுப் படம் போட்ட பக்கம். அவன் சொல்லிக்கொண்டிருந்தது அதற்கு முந்தின பாடத்துப் பாட்டு. விரல் வரிக்கு வரி நகர்கிறது, வாய் வேறொன்றைச் சொல்கிறது. அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு சொல்லில் விரலை வைத்துக் கேட்டேன். ‘கி’ என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான்.

அந்தக் குழுவில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் அடுத்த தீர்மானத்தில் ‘நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை மாதம் ஒருமுறை குழு முன்னிலையில் பார்ப்பது’ என்று எழுதச் சொன்னேன். தலைமை ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ‘இது உங்கள் வேலை இல்லைங்க’ என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

9.9.2024

‘சபாஷ்’, ‘அந்த வாத்தியார் மேல் புகார் கொடுங்கள்’ என்றெல்லாம் இருபது பேர் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். கதையில் பாதியைத்தான் சொன்னேன்.

60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டத்துக் கணக்கு. எங்களுக்கும் இரண்டு பேர். ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மீதி ஒருவர். அந்த ஒருவர் காலையில் வருகைப்பதிவைச் செல்போனில் ஏற்ற வேண்டும், எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது அந்த வேப்பமரத்தடியில் மட்டும். நான் அங்கன்வாடிக்குப் போகும்போதெல்லாம் அவர் மரத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு ‘போன் பேசிக்கொண்டே இருக்கிறார்’ என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். 2022இல் முதல் மூன்று வகுப்புக்குத் தொடங்கியது, அடுத்த வருடம் நான்கு, ஐந்துக்கும் வந்தது. அந்தப் பையன் பெயருக்கு நேரே அரும்பு, அதாவது முதல் நிலை, என்றே குறித்திருந்தார்கள். அதாவது ஆசிரியருக்குத் தெரியும். தெரிந்ததை மறைக்கவில்லை. ஊர்க்குழுவிடம் சொல்லும் வழக்கம்தான் இல்லை. ‘சொன்னால் என்ன செய்வீர்கள்? என்னைத் திட்டுவீர்கள். இன்னொரு வாத்தியார் போட்டுத் தருவீர்களா?’ என்று பிறகு ஒருநாள் கேட்டார். அதற்கு இன்றுவரை பதில் வைத்துக்கொண்டிருக்கவில்லை.

9.9.2024, பின்னிரவு

பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் பிடித்திருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஒரு பொடிசு என்னிடம் ஓடிவந்து ‘அத்தை, நான் மொட்டு ஆயிட்டேன்’ என்றது.

16.9.2024

சட்டம் தெரிந்தவர்கள் கவனிக்கவும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 32. குழந்தையின் உரிமை பற்றி யாருக்குக் குறை இருந்தாலும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்குப் போகலாம். ஆக, பள்ளியைக் கேள்வி கேட்கும் அதிகாரம் நம்மிடம்தான் இருக்கிறது, நாம்தான் தூங்குகிறோம்! இதை அச்சடித்து எடுத்துக்கொண்டு நாளைக்கு ஒன்றிய ஆபீஸ் போகிறேன்.

17.9.2024

போனேன். வந்தேன்.

பி.டி.ஓ. ஆபீஸில் இரண்டு பி.டி.ஓ. உண்டு, ஒருவர் வட்டார ஊராட்சி, இன்னொருவர் கிராம ஊராட்சி. வ.ஊ.விடம் போனால் கி.ஊ.வைப் பார் என்றார், கி.ஊ. கல்வி அலுவலரைப் பார் என்றார். கல்வி அலுவலகத்தில் இருந்தவர்தான் நிதானமாக உட்காரவைத்து அதே சட்டத்தின் பிரிவு 2ஐக் காட்டினார். ‘உள்ளாட்சி அமைப்பு’ என்பதற்கு அங்கே ஊராட்சி, நகராட்சி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பள்ளியின் மேல் நிர்வாகக் கட்டுப்பாடு உள்ள வேறு அமைப்பும் அதில் அடங்கும் என்று ஒரு வால் வைத்திருக்கிறார்கள். அந்த வால்தான் அவர். அவர் சொன்னதில் தப்பில்லை. நேற்று நான் ஆச்சரியக்குறி போட்டதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஊராட்சியையும் அந்தப் பிரிவு நீக்கவில்லையே என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் தோன்றியது. இப்படித்தான், எனக்கு எல்லாமே பஸ்ஸில் ஏறிய பிறகு தோன்றும்.

22.9.2024

கேரளத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அங்கே 1990களின் நடுவில் அரசுத் தொடக்கப் பள்ளிகளையும் நடுநிலைப் பள்ளிகளையும் கிராம ஊராட்சிகளிடமும், உயர்நிலைப் பள்ளிகளை மாவட்ட ஊராட்சியிடமும் கொடுத்துவிட்டார்கள். ஆசிரியர் சம்பளம் மாநில அரசுதான். அங்கே போய் நான் பார்த்ததில்லை, அதனால் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். நம் ஊரிலும் அரசியல் சட்டத்தின் 11ஆவது அட்டவணையில் இருக்கும் 29 வேலைகளில் கல்வியும் குழந்தை நலமும் உண்டு. 1993இலிருந்து அந்த அட்டவணை இருக்கிறது. மாநிலம் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் அட்டவணை அட்டவணையாகவே இருக்கும்.

இன்னொன்று. ஊராட்சிச் சட்டப்படி ஒன்றியக் குழுவுக்குக் கல்விக் குழு என்று ஒன்று உண்டு, நியமனக் குழு, வேளாண் உற்பத்திக் குழு, பொது நோக்கக் குழுவோடு சேர்த்து. எங்கள் ஒன்றியக் கவுன்சிலரைக் கல்யாண வீட்டில் பிடித்து அது எப்போது கூடியது என்று கேட்டேன். பந்தியில் பாயசம் வந்த நேரம். ‘அப்படி ஒன்று இருக்கா?’ என்றார். பக்கத்து இலைக்காரர் ‘இவர்தான் அதில் உறுப்பினர்’ என்றார். மூவரும் சிரித்தோம்.

3.10.2024

நேற்று காந்தி ஜெயந்தி கிராம சபை. பள்ளி பற்றிப் பேச ஐந்து நிமிடம் கிடைத்தது. வாசிப்பைப் பற்றி எடுத்தேன், யாரும் வாய் திறக்கவில்லை. கழிவறைத் தண்ணீர் என்றதும் நாற்பது குரல். தண்ணீர்த் தொட்டி நல்ல தொட்டிதான், குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டத்தில் ஊரக வளர்ச்சித் துறை வகுப்பறையைப் புதுப்பித்தபோது வைத்தது. தொட்டிக்குக் குழாய் இழுக்க வேண்டியது ஊராட்சி. மோட்டாருக்குக் கரண்ட் இணைப்பு யார் பேரில் என்பதில் நிற்கிறது. சுத்தம் செய்யும் அம்மாவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அதுவும் நான்கு மாதம் சேர்த்து வருகிறது. ஆயிரம் ரூபாய்க்கு யார் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவார்கள்? அவர் ஊற்றுகிறார்.

கூட்டம் முடிந்து வரும்போது என் அம்மா சொன்னார்: ‘வாசிப்புன்னா என்னன்னு தெரிஞ்சவங்கதானே வாசிக்கலைன்னு சண்டை போடுவாங்க.’ அம்மா 1991இல் அறிவொளி இயக்கத்தில் எழுதப் படித்தவர். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர், பெண்களெல்லாம் வயல் வரப்பில் சைக்கிள் பழகிய காலம். இரவில் எங்கள் தெருவிளக்கடியில் வகுப்பு. ‘அப்ப எங்களுக்கு எவ்வளவு வந்திருக்குன்னு ஊரே பாத்துச்சு, தெருவுலதானே படிச்சோம்’ என்றார். இதையே ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சரி, ஒரு நாளாக.

19.11.2024

பள்ளியை விட்டு வேறு பக்கம் போகிறேன், ஆனால் அதே காம்பவுண்டுச் சங்கதிதான்.

கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் உண்டு. ஊராட்சித் தலைவர்தான் அதற்கும் தலைவர், தலைமை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் எல்லாம் உறுப்பினர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். எங்கள் ஊரில் நோட்டு கூடுகிறது. அதாவது நோட்டு வீடு வீடாக வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். நானும் போட்டிருக்கிறேன்.

இந்த வருடம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தீபாவளி முடிந்து பள்ளிக்கு வரவில்லை. மில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரு முழுக்கத் தெரியும். குழு உறுப்பினர் அத்தனை பேரும் அந்தத் தெருவழியாகத்தான் தினம் போகிறோம். கடைசியில் குழந்தைகள் உதவி எண் 1098க்கு யாரோ போன் செய்தார்கள், மாவட்டத்திலிருந்து ஆள் வந்தது, பெண் திரும்பி வந்துவிட்டாள். அந்த யாரோ நான் இல்லை. ஆனால் அவள் அம்மா நான்தான் என்று நினைத்து இன்றுவரை என் முகத்தில் முழிப்பதில்லை. இல்லை என்று போய்ச் சொல்லலாம்தான். செய்திருக்க வேண்டியது நான், செய்யவில்லை என்று எப்படிப் போய்ச் சொல்வது?

6.1.2025

நேற்றோடு பதவிக்காலம் முடிந்தது. 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் அப்படித்தான். இனி தேர்ந்தெடுத்த ஆட்களுக்குப் பதில் அரசு போடும் தனி அலுவலர். எங்களுக்குப் புதிதில்லை, 2016இலிருந்து 2019 வரையும் அப்படித்தான் ஓடியது.

காலையில் பள்ளிக்குப் போனேன், பழக்கதோஷம். குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதி என்று என் பெயர் இன்னும் சுவரில் பெயின்டில் இருக்கிறது. தலைமை ஆசிரியர் ‘அழிக்கச் சொல்லி உத்தரவு வரலைங்க’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களுக்குள் இப்போது சண்டை இல்லை. டிசம்பரிலிருந்து வாரம் இரண்டு நாள் சாயங்காலம் நானும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணும் திண்ணையில் உட்கார்ந்து அரும்புகளை மட்டும் வாசிக்க வைக்கிறோம். ஆசிரியர் பட்டியல் கொடுத்தார். பதினொரு பேர். அந்தப் பட்டியலை மூன்று வருடமாகக் குழுவில் இருந்த நான் முதல்முறையாகக் கையில் வாங்கியது பதவி முடியப் போகும் மாதத்தில்.

27.1.2025

நேற்று குடியரசு தினக் கிராம சபை தனி அலுவலர் தலைமையில். வரவு செலவு வாசித்தார்கள். பள்ளி பற்றிக் கேட்டேன், ‘நீங்கள் எந்த முறையில் கேட்கிறீர்கள்?’ என்றார். கிராம சபையில் கேட்க வாக்காளராக இருந்தால் போதும் என்றேன். குறித்துக்கொண்டார். இதையாவது பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

18.3.2025

நூறு நாள் சவால் பற்றிப் படித்தீர்களா? சில அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தாங்களே முன்வந்து, யார் வேண்டுமானாலும் வகுப்புக்கு வாருங்கள், எங்கள் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள் என்று ஊரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு 2023இல் ‘உங்கள் வேலை இல்லைங்க’ என்று சொல்லப்பட்ட அதே காரியம்! எங்கள் பள்ளி அதில் சேரவில்லை. ஏன் என்று கேட்டேன். ‘அடுத்த வருடம்’ என்றார். பட்டியலில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், அவர் சொல்வது நியாயம்தான். அவர்களை வைத்துக்கொண்டு ஊரைக் கூப்பிட்டால் ஊர் அந்த நான்கு பேரைத்தான் பேசும்.

சிலர் இதை நாடகம் என்கிறீர்கள். இருக்கட்டும்.

30.4.2025

சட்டசபையில் காலை உணவில் திங்கள்கிழமை ரவை உப்புமாவுக்குப் பதில் பொங்கலும் சாம்பாரும் என்று அறிவித்திருக்கிறார்கள். ‘உப்புமாவை மாற்றுக’ என்பது 2023 செப்டம்பரில் எங்கள் குழுவில் பிள்ளைகளுக்காக நான் எழுதிய தீர்மானம். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் வீட்டுக்காரரிடம் நான்தான் மாற்றினேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சமைக்கிற பெண்ணுக்குத்தான் வருத்தம். பொங்கலுக்காக இல்லை, அவள் மகன் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான். பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால்தான் தாய் அங்கே சமைக்கலாம் என்பது விதி.

5.6.2025

பள்ளி திறந்து மூன்று நாள் ஆகிறது. அந்தக் கிணற்றுப் படப் பையன் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் போய்விட்டான், பஸ்ஸில் பார்த்தேன். வாசிக்கிறானா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசிக்கிறான், மெதுவாக. ‘ழ’ வந்தால் நின்று, எச்சில் விழுங்கிவிட்டுப் போகிறான்.

மோட்டாருக்கு இணைப்பு வந்துவிட்டது, ஊராட்சி பேரில். தொட்டி நிறைகிறது. கழிவறைச் சாவி விடுமுறையில் தொலைந்துபோய், பூட்டை உடைக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று நேற்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, சுத்தியல் எடுத்துவர வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் குழுத் தலைவி மண்வெட்டிக் காம்பால் ஒரே தட்டில் உடைத்துவிட்டிருந்தார்.